‘கலை அரசி’யின் மூலச் சுருள் எங்கே இருக்கிறது? காவிரிக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்கள், புனே;
‘கலை அரசி’ படத்தின் நெகட்டிவையோ (படமெடுத்த மூலச் சுருள்) பிரிண்ட்டுகளையோ (திரையிடும் படிகள்) வைத்திருக்கும் அன்பர்கள் அனைவரும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகூர் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழும் பழந்திரைப்பட ரசிகர்கள் சேர்ந்து இம்மடலை எழுதுகிறோம். 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று வெளியான ‘கலை அரசி’யை அதன் மூலச் சுருளிலிருந்து முறையாக மீட்டு, ஒரு காட்சியும் ஒரு பாட்டும் குறையாமல், வீட்டில் வைத்துப் பார்க்கும் தரமான தட்டாக (டிஸ்க்) வெளியிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதற்கும் முன்னதாக எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. அப்படத்தின் நெகட்டிவ் இன்று இருக்கிறதா, இருந்தால் எந்த ஊரில், எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்களில் அறிந்தவர் யாராயினும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இம்மடலை வாசிக்கும் இளையவர்களுக்காகப் படத்தைப் பற்றிச் சில சொற்கள். ஏ. காசிலிங்கம் இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, கே. வி. மகாதேவன் இசையமைத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. அறிவியலில் நம்மை வெகுவாக முந்திவிட்ட வேற்றுக் கிரகம் ஒன்று, இசையும் நடனமும் தன்னிடம் இல்லாத குறையை உணர்ந்து, அக்கலைகளில் தேர்ந்த ஒருவரைப் பூமியில் தேடுகிறது. அங்கிருந்து வரும் தின்னா, பாட்டில் வல்ல வாணியைப் பறக்கும் கலத்தில் கவர்ந்து செல்கிறான்; அவளை மீட்க எம்.ஜி.ஆர் ஏற்ற மோகன் விண்வெளிக்குப் போகிறான். தின்னாவாக எம். என். நம்பியார் நடித்தார். பானுமதிக்கு இரட்டை வேடம். வேற்றுக் கிரகவாசிகளைத் திரையில் காட்டிய முதல் இந்தியப் படம் என்று இதைப் பரவலாகக் குறிப்பிடுகிறார்கள். இதற்கு முன்பே, 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘காடு’ படத்தில் அழிந்துபோன மாமத யானைகள் உயிரோடு வந்தன என்பதையும் மறக்கவில்லை. அது பூமியிலேயே நிகழ்ந்த கதை. தமிழ்க் கதைமாந்தர்களை வான மண்டலத்துக்கு ஏற்றியது ‘கலை அரசி’.

அந்த ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான வாலன்டினா தெரஷ்கோவா கிளம்பியது இப்படம் வெளியான இரண்டு மாதங்களுக்குப் பிறகு. நமது நாட்டிலிருந்து முதல் ராக்கெட் தும்பாவில் ஏவப்பட்டது அதே 1963 நவம்பர் 21 அன்று. அதாவது இந்திய மண்ணிலிருந்து ஒரு ராக்கெட்டும் எழும்பாத காலத்தில், கோடம்பாக்கத்தின் தச்சர்களும் ஓவியர்களும் ஒளிப்பதிவாளர்களும் கூடி ஒரு விண்கலத்தைக் கட்டிப் பறக்கவிட்டு, நம் கீற்றுக் கொட்டகைகளில் தரையில் உட்கார்ந்திருந்த உழவர்களுக்குக் காட்டினார்கள். கணினி என்ற கருவி படப்பிடிப்புத் தளத்தின் வாசலைக்கூட எட்டாத நாளில், பலகையாலும் அட்டையாலும் வண்ணப்பூச்சாலும் விளக்கொளியாலும் மட்டுமே செய்யப்பட்ட வேலை அது. அந்தக் கைவேலையின் நுணுக்கம் தெரியும்படி ஒரு பிரதியை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

வேறு எங்கோ எடுத்த படத்துக்காகக் காவிரிப் படுகையில் இருப்பவர்கள் ஏன் இத்தனை ஆதங்கப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வசனம் எழுதிய ரவீந்தர் நாகூர்க்காரர். படத்தின் நாயகர் சிறுவனாக இருந்தபோது கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்தவர். இவை எங்களுக்குப் பெருமை தருபவைதாம் என்றாலும், எங்களை இப்படத்தோடு பிணைப்பது அதன் கதை. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் பிறந்த திருவாரூர், அவர்களுக்கு முன்னரே முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தமிழில் கீர்த்தனை பாடிய சீர்காழி, ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆற்றங்கரையில் கூடிப் பாடும் திருவையாறு ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். வானத்தைத் தாண்டிப் பறக்கத் தெரிந்த ஒரு நாகரிகம், தனக்குப் பாட வரவில்லை என்று வெட்கப்பட்டுப் பூமிக்கு வந்து ஒரு பாட்டுக்காரியைத் தேடுகிறது என்ற கற்பனையைக் கேட்டதும், அது எங்கள் ஊரைத் தேடித்தான் வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதவர் இப்பகுதியில் குறைவு. பிற நாடுகளின் அக்காலப் படங்கள் பலவற்றில் வேற்றுக் கிரகவாசிகள் நிலத்தைப் பிடிக்கவும் நகரங்களை அழிக்கவும் வந்தார்கள். இசைக்காக வந்தவர்களைக் காட்டியதில் தமிழ்ப் படத்தின் தனித்தன்மை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறோம். உலக அறிவியல் புனைகதைத் திரைப்படங்களின் வரலாற்றில் அதற்கொரு பத்தியேனும் கிடைக்க வேண்டுமானால், அயல்நாட்டார் பார்க்கும் தரத்தில் ஒரு பிரதி முதலில் வேண்டும்.

எங்கள் கைக்கு வந்து சேர்ந்த பிரதிகளின் நிலையைச் சொல்கிறோம். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதைப் பதிந்த நாடாவிலிருந்து எடுத்தவை, அதிலிருந்து மறுபடி நகலெடுத்த வட்டுகள், பின்னர் இணையத்தில் ஏற்றப்பட்டவை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தேய்ந்து வந்தவை அவை. விண்வெளிக் காட்சி வந்ததும் இரவு வானம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. கலத்தின் விளிம்பு எது, இருள் எது என்று பிரித்துணர முடிவதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் உயிரே கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தின் பற்பல சாயல்களில்தான் இருக்கிறது. நகலெடுக்க எடுக்க முதலில் தொலைவது அந்தச் சாயல்கள். திரையின் மூலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய சதுரமாக எடுக்கப்பட்ட படத்தை, இக்கால அகலத் தொலைக்காட்சிக்குப் பொருந்த வேண்டுமென்று இழுத்து நீட்டியதில் முகங்கள் தட்டையாகிப் போன பிரதியும் உண்டு. தலையையும் காலையும் வெட்டி அகலமாக்கிய பிரதியும் உண்டு.

பாடல்கள் பாதியில் அறுபடுவதற்கான காரணத்தை எங்களுள் மூத்தவரும், ஒருகாலத்தில் பாபநாசம் வட்டாரத்து டூரிங் கொட்டகைகளில் ஆப்பரேட்டராக இருந்தவருமான ஒருவர் விளக்கினார். திருச்சி-தஞ்சை ஏரியாவுக்கு வரும் படப்பெட்டி, பெரிய ஊர்களில் ஓடி முடிந்து, சிற்றூர்களைச் சுற்றி, கடைசியில் கீற்றுக் கொட்டகைக்கு வரும்போது ரீல்களின் ஓரத் துளைகள் கிழிந்திருக்குமாம். ஓடும்போது அறுந்தால், அறுந்த இடத்தில் சில கட்டங்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுப் போடுவார்கள். ரசிகர்கள் விரும்பும் பாட்டு இருக்கும் ரீல்தான் அதிக முறை ஓடும், அதனால் அதுதான் அதிகம் அறுபடும். சில பாட்டுகளை யாரோ வெட்டியே எடுத்துக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. ஆகவே இன்று ஏதேனும் ஒரு கிடங்கில் ஒரு பிரிண்ட் கிடைத்தாலும், அது முழுமையானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல பிரிண்ட்டுகளை அருகருகே வைத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்பியாக வேண்டும்.

இந்த வேலை எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தில் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, ஒன்றில் செல்லரித்த அடியை மற்றொன்றின் துணையால் மீட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் இன்றும் பூச்சி அண்டாமல் பேணப்படுகின்றன. ஏட்டுக்குச் செய்ததைச் சுருளுக்கும் செய்யலாம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

காலம் குறைவாக இருக்கிறது என்பதால்தான் அழுத்திக் கேட்கிறோம். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றக் கூடியவை; 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் அவ்வகைச் சுருள்கள் எரிந்து நூற்றுக்கணக்கான படங்கள் போன துயரம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். 1963க்குள் எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட் சுருள் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆயின் அதற்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் வைத்தால் அது மெல்ல மெல்ல அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு, காடி நாற்றம் அடித்து, சுருங்கி, நெளிந்து, இறுதியில் பூச்சு உரிந்து போகும். தொடங்கிவிட்டால் அதைத் திருப்ப முடியாது, குளிரில் வைத்துத் தாமதப்படுத்த மட்டுமே முடியும். தகரப் பெட்டிக்குள் அடைபட்ட அந்த ஆவியே பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். கோடையிலும் ஐப்பசி மழையிலும் நம் கடற்கரை மாவட்டங்களின் காற்று எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படச்சுருளின் காலம் முடிந்து சென்னையின் ஆய்வகங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபோது, அங்கே வைக்கப்பட்டிருந்த நெகட்டிவ்கள் யாரிடம் போயின என்ற கேள்வி பல பழைய படங்களுக்கு இன்னும் விடையின்றி நிற்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காமல் போனதைப் போல, விண்வெளிக்குப் போன முதல் தமிழ்ப் படமும் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் எஞ்சிவிடக் கூடாது.

உரிமைச் சிக்கல் இருக்கிறது என்ற பதிலைப் பழைய படங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பலரிடமிருந்து பெற்றிருக்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமைக்காலம் அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அக்கணக்கில் 1963இல் வெளியான படத்தின் உரிமைக்காலம் 2023 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. கதை, வசனம், பாடல் வரிகள், இசை ஆகியவை தனித்தனிப் படைப்புகளாதலால், அவற்றை எழுதியவர்கள், அமைத்தவர்களின் வாரிசுகளுக்குரியதைத் தனியே ஆராய்ந்து முறையாகத் தர வேண்டும் என்பதிலும் நாங்கள் தெளிவாக இருக்கிறோம். அது பேசித் தீர்க்கக்கூடிய காரியம். சட்டத்தின் கணக்கு எதுவாயினும், கெட்டியான பொருளாகிய நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ அவர் மனம் வைத்தாலன்றி ஒன்றும் நடக்காது. அந்த அன்பருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது, உங்களிடம் இருப்பதை யாரும் பறித்துக்கொள்ளக் கேட்கவில்லை. குளிரூட்டிய காப்பறையில் உங்கள் பெயரிலேயே ஒப்படைத்து வையுங்கள், அதற்குரிய மரியாதையும் நியாயமான தொகையும் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்பதே.

காப்பகத்தாருக்குச் சொல்வது. இப்படம் வெளியான மறு ஆண்டு, 1964 பிப்ரவரியில், உங்கள் நிறுவனம் தொடங்கப்பட்டது. படத்தின் படி ஒன்றைக் காப்பகத்தில் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லாத நிலையிலும், தயாரிப்பாளர்களின் வீட்டுப் பரணிலிருந்தும் பழைய இரும்புக் கடையிலிருந்தும் சுருள்களைத் தேடிச் சேர்த்த பெருமை உங்களுடையது. தேசியத் திரைப்பட மரபு இயக்கத்தின் கீழ் ஏறத்தாழ 2,200 படங்களை மீட்டெடுப்பதாக 2022இல் அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் ‘கலை அரசி’ இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரிவியுங்கள். இருந்தால் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள், இல்லையென்றால் சேருங்கள்.

நீண்ட காத்திருப்புக்குப் பின் நல்லது நடந்த கதைகள் உண்டு. 1927இல் வெளியான ஜெர்மானியப் படம் ‘மெட்ரோபோலிஸ்’ வெட்டிச் சிதைக்கப்பட்ட வடிவிலேயே எண்பது ஆண்டுகள் ஓடியது; காணாமற்போன பகுதிகளில் பெரும்பாலானவை 2008இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில், தேய்ந்த 16 மி.மீ. படி ஒன்றில் கிடைத்து, 2010இல் ஏறக்குறைய முழுப் படமாக மறுபடி திரையேறியது. தாயகத்தில் இல்லாதது கடல் கடந்த ஓர் ஊரில், அதுவும் சிறிய அளவுச் சுருளில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். தமிழ்ப் படங்கள் அக்காலத்தில் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று பயணப்பட்டவை. தேடலை இந்திய எல்லைக்குள் நிறுத்திவிடக் கூடாது. 1989இல் வந்த ‘தி அபிஸ்’ என்ற ஆங்கிலப் படத்துக்கு 2000இல் வந்த டிவிடிக்குப் பிறகு, உயர்தரத் தட்டு 2024இல்தான் கிடைத்தது. அதன் ரசிகர்கள் அத்தனை ஆண்டுகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்மிடையேயும் ‘கர்ணன்’ 2012இலும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இலும் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது மக்கள் எப்படித் திரண்டார்கள் என்பதை நாடே பார்த்தது. பழைய படத்தை யார் வாங்குவார்கள் என்ற தயக்கத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

மீட்டெடுக்கும் முறையைப் பற்றி எங்கள் மனத்தில் இருப்பதையும் எழுதிவிடுகிறோம். நெகட்டிவ் கிடைத்தால் அதிலிருந்தே, அதன் அருகிலுள்ள வேறெந்த நகலிலிருந்தும் அல்லாமல், 4கே என்னும் உயர் துல்லிய அளவில் ஒளிவருடல் (ஸ்கேன்) செய்யுங்கள். கீறல்களையும் தூசியையும் நீக்குங்கள். ஆனால் சுருளுக்கே உரிய மணித்தன்மையை, அதாவது படத்தில் தெரியும் நுண்புள்ளிகளை, துடைத்து, முகங்களை மெழுகுப் பொம்மைகளாக ஆக்கிவிடாதீர்கள். கணினியின் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மிகையாகத் தீட்டப்பட்ட சில ஆங்கிலப் படத் தட்டுகள் அண்மையில் அந்தக் குறைக்காகவே ரசிகர்களின் வருத்தத்துக்கு ஆளாயின. விண்கலத்தைத் தாங்கும் கம்பி எங்கேனும் தெரிந்தால் அதை அழிக்க வேண்டாம். அதைக் கட்டியவர்களின் கை அது. வண்ணம் ஏற்றவும் வேண்டாம். கறுப்பு வெள்ளைக்கென்றே ஒளியமைத்து எடுத்த படத்தின்மேல் பூசும் வண்ணம் அந்த ஒளியமைப்பை மறைத்துவிடும்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம், ஏனெனில் இசைக்காக வானம் தாண்டி வந்த கதையில் இசை கெட்டுவிட்டால் கதையே நிற்காது. சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும் பழைய ஒலித்தடத்தில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அதை முற்றிலும் நீக்க முற்படும் மென்பொருள், இரைச்சலோடு சேர்த்துத் தந்தி வாத்தியங்களின் சன்னமான ஓசையையும், பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தையும், தாளத்தின் கடைசி அதிர்வையும் விழுங்கிவிடுகிறது. சில பழைய பாடல்களின் புதுப் பதிப்புகளைக் கேட்டு நாங்கள் மனம் நொந்திருக்கிறோம். சிறிது இரைச்சல் இருந்தாலும் பாதகமில்லை, பானுமதியின் குரலில் உள்ள கனம் குறையக் கூடாது. அவர் தாமே பாடி நடித்தவர் என்பதால், இப்படத்தில் அந்தக் குரலே ஒரு பாத்திரம். பாடல்களின் மூல ஒலிநாடாக்களோ கிராமபோன் இசைத்தட்டுகளோ யாரிடமேனும் இருந்தால் அவற்றையும் ஒப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் புதிய வாத்தியங்களைச் சேர்த்துப் பின்னணியை மறுபடி அமைக்கும் எண்ணம் தயவுசெய்து வேண்டாம்.

இணையத்தில் ஏற்றினாலே போதாதா, தட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இணையத்தில் இன்று இருப்பது நாளை ஒப்பந்தம் முடிந்து மறைந்துவிடுகிறது. அதைத் தடுக்கும் வழி பார்வையாளரிடம் இல்லை. தட்டு ஒன்று வீட்டு அலமாரியில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துப் போட்டுக் காட்டலாம், ஊர்ப்புற நூலகத்தில் வைக்கலாம், கல்லூரி மாணவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படிக்கலாம். அத்தட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வசன எழுத்துகள் இருக்கட்டும். செவித்திறன் குறைந்த முதியவர்கள் எங்களிடையே பலர். விலை ஒரு குடும்பம் யோசிக்காமல் வாங்கும் அளவில் இருக்கட்டும். முன்பதிவு முறையில் வெளியிடுவதாக இருந்தால், தொகையை முன்கூட்டியே செலுத்த இப்பகுதியில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு பொறுப்பை ஏற்கிறோம். காவிரிப் படுகையில் மூடப்பட்ட திரையரங்குகள், பழைய விநியோகஸ்தர்களின் கிடங்குகள், டூரிங் கொட்டகை நடத்தியவர்களின் வீடுகள் ஆகியவற்றில் தேடி, 35 மி.மீ. ஆயினும் 16 மி.மீ. ஆயினும், ஒரே ஒரு ரீல் ஆயினும், இப்படத்தின் எந்தத் துண்டு கிடைத்தாலும் உங்களுக்குத் தெரிவிப்போம். பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள், விளம்பர அட்டைகள் ஆகியவற்றையும் சேகரிக்கிறோம். காட்சிகளின் வரிசையையும் பாடல்களின் முழு நீளத்தையும் சரிபார்க்க அவை உதவும். இம்மடலை வாசிக்கும் டெல்டா மாவட்டத்து அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் காடி நாற்றத்துடன் தகரப் பெட்டி ஏதேனும் இருந்தால், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். திறந்து ஓடவிட்டுப் பார்க்கவும் முயலாதீர்கள். சுருங்கிப்போன சுருள் பழைய ஓட்டுக் கருவியில் ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். பெட்டியை வெயில் படாத, உலர்ந்த இடத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, மேலே ஒட்டியுள்ள சீட்டை மட்டும் படம் எடுத்து, காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

காப்பகத்தார் எங்களுக்கு அளிக்கும் பதில் பெரிய அறிக்கையாக இருக்க வேண்டியதில்லை. நெகட்டிவ் இருக்கிறது, அல்லது பிரிண்ட் மட்டும் இருக்கிறது, அல்லது இரண்டும் இல்லை என்று ஒரு வரியில் தெரிவித்தாலும், எங்கள் தேடலை எந்தத் திசையில் நடத்துவது என்பது விளங்கிவிடும். இரண்டும் இல்லை என்பதே பதிலானால், அதைக் கூடிய விரைவில் சொல்லுங்கள். கொட்டகைகளில் படம் ஓட்டிய கைகள் இன்னும் எங்களிடையே இருக்கும்போதே தேடலைத் தொடங்கிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகூர் வட்டாரங்களைச் சேர்ந்த ‘கலை அரசி’ ரசிகர்கள்